எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் தேட வழி செய்யுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன், மொரீஷியஸின் மோக்கா, ஃபிஜியின் சுவா, நம் சென்னை எழும்பூர் ஆகிய இடங்களில் பழைய கப்பல் பதிவேடுகளையும் குடியேற்றக் கோப்புகளையும் காத்துவரும் ஆவணக் காப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு பத்திர எழுத்தர். வந்தவாசிப் பக்கம் 31 வருஷம் கிரயம், அடமானம், செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை என்று எழுதியே குடும்பம் நடத்தினேன். இப்போது மகன் பார்க்கிறான். ஒரு நிலம் விலைக்கு வந்தால் எங்கள் தொழிலில் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். இவருக்கு யார் எழுதிக் கொடுத்தது, அவருக்கு எப்படி வந்தது என்று பின்னாலேயே போய்க்கொண்டிருப்போம். நடுவில் ஒரு கண்ணி அறுந்திருந்தால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த நிலம் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்.

ஊரார் நிலத்துக்கெல்லாம் இப்படிப் பார்த்துக் கொடுத்த எனக்கு, என் தாத்தாவைப் பெற்றவர் யார் என்பது போன வருஷம் வரை தெரியாது. தெரியும் என்றுதான் வீட்டில் எல்லாருமே நினைத்திருந்தோம். ஆடி அமாவாசைக்குப் படையல் போடும்போது ஒரு பெயரைச் சொல்லித்தான் கும்பிடுவோம். அந்தப் பெயர் தாத்தாவின் அப்பா பெயர் இல்லை என்று உங்கள் அலமாரியில் இருந்த ஒரு வரி சொன்னது. அந்த வரியைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருஷம் பிடித்தது. ஒரு சாயங்கால நேரத்தில் கிடைத்திருக்க வேண்டியது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 1860 அக்டோபரில் மதராஸிலிருந்து புறப்பட்ட டுரூரோ என்ற கப்பல் 342 பேரோடு நவம்பர் 16-ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து 1911 ஜூலை வரை, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,000 பேருக்கு மேல். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மதராஸில் கப்பல் ஏறியவர்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், அப்பா பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உயரம், உடம்பில் இருக்கும் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள் என்பதுவரை கட்டம் கட்டி எழுதிவைத்தார்கள். அன்பினால் எழுதவில்லை. ஓடிப்போனால் பிடித்து வர வேண்டும், அதற்குத்தான் தழும்பும் மச்சமும் பச்சையும். ஆனால் எதற்காக எழுதினார்களோ அது முடிந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும், செல் அரிக்காமலும் தண்ணீர் படாமலும் அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் நீங்கள்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அதே காலத்தில் ஊரிலேயே பிறந்து ஊரிலேயே செத்த ஏழைக்கு இவ்வளவு எழுத்து கிடையாது. மதராஸ் மாகாணத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1899-இல்தான் வந்தது. அப்புறமும் வெகுகாலத்துக்குப் பிறப்புப் பதிவில் ஆண், பெண் என்று இருக்கும், அப்பா பெயர் இருக்கும், குழந்தை பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும். நிலவரி செட்டில்மெண்ட் பதிவேட்டில் பட்டாதாரர் பெயர் வரும். நிலம் இல்லாதவர் அதிலும் வர மாட்டார். கடல் தாண்டிப் போன கூலிக்கு மட்டும் அப்பா பெயரோடும் ஊர்ப் பெயரோடும் ஒரு முழு வரி இருக்கிறது. அந்த வரி அவர் ஊர்க்காரர்கள் கையில் கிடைக்கவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அப்படி ஒரு பட்டியல் இருப்பதே எனக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. 2018-இல் ஒருநாள் மத்தியானம், டர்பனிலிருந்து வந்த ஒரு தம்பதி வாடகைக் கார் டிரைவரோடு என் ஆபீஸுக்கு வந்தார்கள். இருவருக்கும் தமிழ் பேச வராது. டிரைவர்தான் எடுத்துச் சொன்னார். அந்த அம்மாவின் கையில் பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாள். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் வரி அது. ஜில்லா வடஆற்காடு, தாலுகா வந்தவாசி, அதெல்லாம் சரி. ஊர்ப் பெயர் மட்டும் ஆங்கிலத்தில் என்னவோ போல இருந்தது. காலையிலிருந்து ஐந்து ஊர் சுற்றிவிட்டார்களாம். அப்படி ஒரு ஊரே கிடையாது என்று போன இடமெல்லாம் கையை விரித்திருக்கிறார்கள். யாரோ ஒருவர், பத்திர எழுத்தரைப் போய்ப் பாருங்கள், அவருக்குத்தான் எல்லா ஊரும் தெரியும் என்று அனுப்பியிருக்கிறார்.

நான் அதை மூன்று தரம் வாய்விட்டுப் படித்தேன். பெயர் 'கில்' என்று தொடங்கியது. கில் என்றால் கீழ். எழுதிய குமாஸ்தாவிடம் ழகரத்துக்கு எழுத்து இல்லை. எங்கள் தாலுகாவில் கீழ் என்று தொடங்கும் ஊர்களுக்கு ஒன்றும் பஞ்சமில்லை. ஆனாலும் மிச்சத்தையும் சேர்த்து ஒருதரம் வேகமாகச் சொன்னதும் எது என்று பட்டென்று தெரிந்துவிட்டது. அந்த ஊர் நிலங்களுக்கு நானே இருபது பத்திரம் எழுதியிருப்பேன். ஆபீஸிலிருந்து 11 கிலோமீட்டர். நானும் கூடவே போனேன். ஏரிக்கரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் அந்த அம்மாவை நிமிர்ந்து பார்த்து, "எந்த வூட்டுப் புள்ளம்மா நீ?" என்று கேட்டார். டிரைவர் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மா அழுதுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தானே அவ்வளவு தூரம் வந்தது.

ஐந்து ஊர் சுற்றியும் கிடைக்காதது பத்து நிமிஷத்தில் எப்படிக் கிடைத்தது என்று அன்று ராத்திரி யோசித்துப் பார்த்தேன். என்னிடம் பெரிய படிப்பு ஒன்றும் இல்லை. காதால் கேட்டு எழுதியதைக் காதால்தான் திரும்பப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த ஊர்ப் பெயர்களோடு வளர்ந்த காது வேண்டும்.

ஆள் பெயர்களும் இப்படித்தான். முனுசாமி மூன்சாமி ஆனார். குப்புசாமி கூப்பூசாமி ஆனார். சுப்பிரமணி சூப்ரமணி. முதலியார், முதலி எல்லாம் மூட்லி. பிறகு அப்பா பெயரோ ஜாதிப் பட்டமோ அந்த எழுத்திலேயே குடும்பப் பெயராக உறைந்து நாலைந்து தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூட்லி என்று பெயர் வைத்திருக்கும் ஒருவருக்கு, அது நம் ஊர் முதலியார்தான் என்று சொல்லக்கூட அங்கே ஆள் குறைந்துவருகிறது.

அந்த அம்மா ஊர் திரும்பியதும் பட்டியலை எப்படித் தேடுவது என்று எனக்கு விளக்கமாக எழுதினார். அப்போதுதான் என் தாத்தா நினைவு வந்தது. அவரை ஊரில் நெட்டால்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நேட்டாலில் ஒரு கரும்புத் தோட்டத்தில் பிறந்து, பதினொரு வயதில் அம்மாவோடு கப்பலில் வந்தவர். நான் பத்தாவது படிக்கும்போது இறந்துபோனார். என்ன வருஷம் பிறந்தீர்கள் என்று கேட்டால் "குரோதி" என்பார். குரோதி அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும். ஆனாலும் அவருக்கு அது 1904-05 தான் என்று கணக்குப் போட எனக்குக் கஷ்டமில்லை. அம்மாவைப் பற்றி நிறையச் சொல்லுவார். அப்பாவைப் பற்றிக் கேட்டால், அங்கேயே போய்ச் சேர்ந்துட்டார் என்பதோடு சரி.

அந்த அம்மா, அதாவது என் கொள்ளுப்பாட்டி, அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. சொந்தக்காரர்கள் பலர் இருக்கிறார்கள், எல்லாரும் இதை ஒரே மாதிரி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பொன்னம்மா, முனியம்மா மாதிரி ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்த பெயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெயரைப் பட்டியலில் பதினோரு விதமாக எழுதியிருக்கிறார்கள். நான் ஒரு நோட்டுப் போட்டு ஒவ்வொரு விதமாகத் தேடினேன். ஒரு எழுத்து முன்னே பின்னே இருந்தால் கணினி வாயைத் திறக்காது. நான்கு வருஷம் பெயரை வைத்தே தேடிக் களைத்த பிறகு, டர்பன் அம்மாவுக்கு நான் செய்ததை எனக்கு நானே ஏன் செய்துகொள்ளவில்லை என்று தோன்றியது. எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதியிருந்தால் என்னென்ன மாதிரி எழுதியிருப்பார்கள் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினேன். பதினைந்தாவதில் அகப்பட்டாள்.

1899-ஆம் வருஷக் கப்பல். வயது 18. உயரம் 4 அடி 9 அங்குலம். கூட வந்தவர் யாரும் இல்லை. அடையாளக் கட்டத்தில், வலது முன்கையில் பச்சை.

என் அத்தைக்கு அப்போது 90 வயது நடந்துகொண்டிருந்தது. கண் மங்கிவிட்டது, பேச்சு மட்டும் கணீரென்று இருக்கும். நான் பட்டியலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கொள்ளுப்பாட்டி கையில் ஏதாவது இருக்குமா அத்தை என்று மட்டும் கேட்டேன். "தேளுடா" என்று உடனே சொன்னாள். "சோத்துக் கையில, இங்க. நாங்க சின்னப் புள்ளைங்க எல்லாம் அதைக் கிள்ளிக் கிள்ளிப் பாப்போம், கொட்டுதான்னு. கெழவி சிரிச்சிக்கினே இருக்கும்." சொல்லிக்கொண்டே தன் முன்கையில் விரலால் தொட்டுக் காட்டினாள். பதிவுக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் முன்னால் நீட்டிய கை, அப்புறம் இந்தக் குழந்தைகள் கிள்ளிப் பார்த்த கை. ஆள் அவள்தான் என்பதில் எனக்கு அதற்கு மேல் சந்தேகம் இல்லை.

பிறகுதான் அப்பா பெயர்க் கட்டத்தைப் பார்த்தேன். பார்த்ததும் எழுந்துபோய்ப் பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அதில் 1917-ஆம் வருஷக் கிரயப் பத்திரம் ஒன்று இருக்கிறது. நேட்டால் பணத்தில் கொள்ளுப்பாட்டி வாங்கிய 62 சென்ட் புஞ்சைக்கு உண்டானது. அவளுடைய பெருவிரல் ரேகை அதில் இருக்கிறது, மை பழுப்பேறி, ஓரத்தில் கொஞ்சம் இழுபட்டு. 'காலஞ்சென்ற இன்னார் சம்சாரம், மைனர் குமாரருக்குக் கார்டியனும் தாயாருமான இன்னார்' என்று எழுதியிருக்கிறது. அந்தக் காலஞ்சென்ற இன்னார் பெயரைத்தான் நாங்கள் படையலில் சொல்லி வந்தோம். கப்பல் பட்டியலில் அதே பெயர், கொள்ளுப்பாட்டியைப் பெற்ற அப்பாவின் பெயராக இருந்தது.

ஒரே பெயர் மாமனாருக்கும் மருமகனுக்கும் இருக்கக்கூடாதா என்று கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். தொழில் பழக்கம், ஒரு கண்ணியை வைத்து முடிவுக்கு வரமாட்டோம். டர்பன் அம்மாதான் உதவினார். தோட்டத்தில் பிறந்த குழந்தைகளின் பதிவிலிருந்து தாத்தாவின் பிறப்பைத் தேடி எடுத்து அனுப்பினார். தாயின் பெயரும் எண்ணும் அச்சாகப் பொருந்தின. தகப்பன் இருக்கவேண்டிய இடத்தில் பெயர் மை ஊறிப் படிக்க முடியாமல் கிடந்தது. பக்கத்தில் ஓர் எண் மட்டும் தெளிவாக இருந்தது.

என் தாத்தாவின் அப்பா எனக்கு முதலில் ஓர் எண்ணாகத்தான் வந்து சேர்ந்தார். அந்த எண்ணைப் பட்டியலில் போட்டதும் ஓர் ஆள் எழுந்து வந்தார். வேறு பெயர். வேறு ஜில்லா. வேறு ஜாதி.

இதைப் படிக்கிறவர்கள் கொள்ளுப்பாட்டி பொய் சொன்னாள் என்று நினைத்துவிடக் கூடாது. நேட்டாலில் கல்யாணம் என்றால் குடியேற்றக் காப்பாளர் என்ற அரசு அதிகாரியிடம் பதிய வேண்டும். தோட்டத்துக் கோயிலில் நாலு பேர் முன்னால் கட்டிய தாலி காகிதத்தில் ஏறாது. 1913 மார்ச்சில் கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல், கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்கள் செல்லாது என்கிற மாதிரி ஒரு தீர்ப்பே கொடுத்தார். பெண்கள் அதை எதிர்த்துச் சிறைக்குப் போனார்கள் என்பது நாம் படித்த சரித்திரம். அதற்கு முன்னாலேயே 3 பவுன் வரி வந்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்தும் மறு ஒப்பந்தம் செய்யாமல் அங்கேயே தங்கினால் வருஷத்துக்கு 3 பவுன், அதாவது 60 ஷில்லிங், பெண்ணும் கட்ட வேண்டும். ஆணுக்கு முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் வருஷம் 14. பெண்ணுக்கு அதில் பாதி. 7 ஷில்லிங் வாங்குகிற ஒரு பெண்ணுக்கு அந்த வரி எட்டு மாதக் கூலிக்கும் மேல். 1914-இல் வரியை எடுத்தார்கள். அடுத்த வருஷம் இவள் பையனைக் கூட்டிக்கொண்டு ஊர் வந்துவிட்டாள். அந்த மனிதர் அதற்குள் இறந்துவிட்டார், பட்டியலின் குறிப்புக் கட்டத்தில் 1909 என்று இருக்கிறது.

சரி, ஊருக்கு வந்தாள். நிலம் வாங்கப் பத்திர எழுத்தர் முன்னால் உட்கார்ந்தாள். "புருஷன் பேர் என்னம்மா?" என்று அவர் கேட்டிருப்பார். நாங்கள் எல்லாரும் கேட்கிற கேள்விதான், அது இல்லாமல் அடுத்த வரி எழுத முடியாது. ஊரில் யாரும் பார்த்திராத, வேறு ஜில்லா, வேறு ஜாதி மனிதர் பெயரை அங்கே சொன்னால் பையனை ஊர் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். தன்னைப் பெற்றவர் பெயரைச் சொன்னாள். பையனுக்கு அவர் தாத்தா, அப்பாவாக எழுதப்பட்டார். என் 31 வருஷத்தில் எத்தனையோ பெண்கள் அந்தக் கேள்விக்கு ஒரு நொடி தாமதித்து நின்றிருக்கிறார்கள். நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன், நிமிர்ந்து பார்த்ததில்லை. இப்போது அதை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

பட்டியல்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறீர்கள், அதற்காக உழைத்தவர்களுக்குக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். டர்பனில் பேராசிரியர் ஜாய் பிரெய்னும் அவரோடு இருந்தவர்களும் நேட்டால் பட்டியலைப் பெயர்த்தெழுதாமல் இருந்திருந்தால் நானும் இல்லை, இந்த மடலும் இல்லை. சுரிநாம் போனவர்களின் பட்டியலை நெதர்லாந்து தேசியக் காப்பகத்தின் தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். மொரீஷியஸில் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில், போனவர்களின் புகைப்படம்கூட இருக்கிறது. 2011-இல் ஃபிஜி, கயானா, டிரினிடாட், சுரிநாம் பதிவேடுகளை யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. எல்லாம் நல்லது. ஆனால் இவை எல்லாமே தேடுகிறவர் ஆங்கில எழுத்தில் பெயரைத் தெரிந்துகொண்டு வருவார் என்று நினைத்துச் செய்தவை. அதாவது போன இடத்திலிருந்து தேடுகிறவருக்காக. புறப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்காக யாரும் செய்யவில்லை.

ஊர் வழியாகத் தேட விடுங்கள், அதையும் தமிழில் தேட விடுங்கள். நான் கேட்பதில் முக்கியமானது இதுதான். ஒரு கிராமத்துப் பள்ளி ஆசிரியர் தன் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டினால், அந்த ஊரிலிருந்து நேட்டாலுக்கும் மொரீஷியஸுக்கும் ஃபிஜிக்கும் போன அத்தனை பேரும் வரிசையாக வரவேண்டும். ஆங்கில எழுத்து எத்தனை விதமாக இருந்தாலும் அதைத் தமிழ் ஊரோடு ஒருதரம் பொருத்திவைத்துவிட்டால் போதும், பிறகு யாரும் அதற்காக அலைய வேண்டாம்.

இதில் ஜில்லாத் தகராறு ஒன்று இருக்கிறது. பட்டியலில் வடஆற்காடு என்று இருப்பதை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. 1911-இல் ஒரு பகுதி சித்தூர் ஜில்லாவுக்குப் போய், இன்று ஆந்திராவில் இருக்கிறது. 1989-இல் மிச்சம் இரண்டாகி, திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. தென்னாற்காடு 1993-இல் கடலூர், விழுப்புரம் என்று ஆகி, 2019-இல் கள்ளக்குறிச்சியும் வந்தது. டர்பனில் இருக்கும் ஒருவர் இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிப்பார்? எங்கள் பக்கத்துப் பத்திர எழுத்தர்களுக்கு இது மனப்பாடம். பழைய பத்திரத்தில் ஒரு ஜில்லா, புதுப் பத்திரத்தில் ஒரு மாவட்டம் என்று எழுதியே பழகியவர்கள். ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர்கள், தபால்காரர்கள், சர்வேயர்கள் இருக்கிறார்கள். தாலுகாவுக்கு நாலு பேர் போதும். காசு கேட்க மாட்டார்கள். வந்தவாசி தாலுகாவுக்கு நான் பொறுப்பு, என்னோடு மூன்று பேர் தயாராக இருக்கிறார்கள். பட்டியலை அனுப்புங்கள், ஊர்க் கட்டத்தை நாங்கள் படித்துத் தருகிறோம்.

பெயர்த்தெழுதிய பட்டியலுக்குப் பக்கத்திலேயே மூலப் பக்கத்தின் படத்தையும் வையுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். பத்திரத்தில் நகல் நகல்தான், மூலம் மூலம்தான். பெயர்த்தெழுதியவர் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்திருந்தால், படம் இல்லாமல் அது என்றைக்கும் திருந்தாது. ஓரத்தில் யாரோ பின்னால் கிறுக்கிய குறிப்பும் நகலில் வராமல் போகிறது.

பிறப்பு, கல்யாணம், சாவு, திரும்பிப் போன கப்பல் என்று தனித்தனியாகக் கிடக்கும் பதிவுகளை அந்த எண்ணை வைத்தே கோத்துவிடலாம். முன்பின் தெரியாத ஓர் அம்மா எனக்காகக் காப்பகத்துக்கு நடந்ததால்தான் அந்தப் பிறப்புப் பதிவு எனக்குக் கிடைத்தது. எல்லாருக்கும் அப்படி ஒருவர் கிடைப்பாரா? அப்புறம், பிறப்புப் பதிவைத் தாய் பெயரிலும் தேட விடுங்கள். கப்பல் பட்டியலில் அப்பாவுக்குக் கட்டம் இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை. அன்றைக்கு அப்படித்தான், அதை இன்று திருத்த முடியாது. தாய் பெயர் எழுதியிருக்கிற இடத்திலாவது அதை விட்டுவிட வேண்டாம். எங்கள் கதையில் கடைசிவரை பொருந்தி நின்றது அவள் பெயரும் அவள் எண்ணும்தான்.

ஜாதிக் கட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதை மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அது அந்த ஆள் சொன்னது, அல்லது ஆள் சேர்த்த ஏஜெண்டு சொல்லச் சொன்னது, அல்லது குமாஸ்தாவுக்குத் தோன்றியது என்று ஒரு குறிப்புப் போடுங்கள். பழைய பட்டியல்களில் தமிழர் பலருக்கு அந்தக் கட்டத்தில் மலபார் என்றே இருக்கிறது, அப்படி ஒரு ஜாதி எங்கே இருக்கிறது? உறவுக் கட்டமும் அப்படித்தான். 100 ஆணுக்கு 40 பெண் இருக்க வேண்டும் என்று விதி வைத்ததால், கப்பல் ஏறும்வரை ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் நேற்றுப் பார்த்துக்கொண்ட இருவர் இன்றைக்குப் புருஷன் பெண்டாட்டியாகப் பதிவானது உண்டு. இதையெல்லாம் தெரியாமல் பார்க்கிற பேரப்பிள்ளைகள் வீட்டில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

எழும்பூரில் இருப்பவர்களுக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். 1883-ஆம் வருஷக் குடிபெயர்வுச் சட்டப்படி, ஆள் சேர்த்த இடத்திலேயே அதிகாரி முன்னால் நிறுத்திப் பதிவு செய்ய வேண்டும் என்று இருந்தது. இப்படி இந்தியாவில் எழுதியதில் எஞ்சியிருப்பது எதுவானாலும், ஜில்லா வாரியாக ஒரு பட்டியல் போட்டு வெளியிடுங்கள். எங்கள் பக்கத்தில் வேறு ஒரு பழைய ஆபீஸில், இடம் அடைக்கிறது என்று கட்டுக் கட்டாகப் பழைய கணக்குகளை எடைக்குப் போட்டதை நான் கண்ணால் பார்த்தவன். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

இதெல்லாம் ஓய்வுபெற்ற கிழவனின் பொழுதுபோக்கு என்று யாராவது நினைத்தால், இலங்கையைப் பாருங்கள். மலையகத் தோட்டங்களுக்குப் போனவர்கள், ஆள் சேர்க்கும் கங்காணி கையில் போனவர்கள், நேட்டால் மாதிரி ஆளுக்கு ஒரு வரி எழுதிவைக்கவில்லை. 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டம், உன் அப்பா இலங்கையில் பிறந்தாரா, இல்லையென்றால் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் பிறந்தார்களா, காட்டு என்று கேட்டது. காகிதம் இல்லாதவர்கள் நாடில்லாதவர்கள் ஆனார்கள். 1964-இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பாகம் பிரித்தார்கள். அப்பா யார், எங்கே பிறந்தார் என்ற ஒரு வரி இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய குடும்பங்கள் அதில் எத்தனை.

என் தாத்தாவைப் பெற்றவருக்கு வருகிறேன். அவர் சேலம் ஜில்லா, திருச்செங்கோடு தாலுகா. இன்றைக்கு அது நாமக்கல் மாவட்டம். வயது 24. உயரம் 5 அடி 4 அங்குலம். இடது புருவத்துக்கு மேல் தழும்பு. அவருக்கு அண்ணன் தம்பி இருந்திருக்கலாம். அந்தப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில், கப்பலேறிப் போனவர் திரும்பியே வரவில்லை என்று ஒரு பேச்சு இன்னும் இருக்கலாம். போன ஆடி அமாவாசைக்கு அவர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கும்பிட்டோம். பழைய பெயரையும் விடவில்லை, அவரும் எங்களுக்குப் பாட்டன்தானே.

அவருடைய ஊர்க் கட்டத்தில், பெயர்த்தெழுதியவர் ஆங்கிலத்தில் மூன்று எழுத்துப் போட்டுவிட்டு ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறார். அந்த மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு திருச்செங்கோடு பக்கம் இரண்டு தரம் போய்வந்தேன். பொருந்துகிற மாதிரி நான்கு ஊர்கள் இருக்கின்றன. அவருடைய எண்ணை டர்பன் காப்பகத்துக்குத் தனியே எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பக்கத்தின் படம் ஒன்று கிடைத்தால் போதும். மூன்றாவது எழுத்துக்கு அப்புறம் கீழே இறங்கும் வால் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டால், நான்கு ஊரில் எது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
வந்தவாசிப் பக்கத்துப் பத்திர எழுத்தர் ஒருவர்